பிராய்லருக்குள்ளும் நம்ம ஊர் ரத்தம்

கேள்வி (கம்பம் வாசகி): எங்கள் தோட்டம் கேரள மலையடிவாரத்தில் இருக்கிறது. விடிந்ததும் ஒரு காட்டுச் சேவல் வந்து எங்கள் கோழிகளோடு மேய்ந்துவிட்டுப் போகும். நாட்டுக்கோழியெல்லாம் இதன் வம்சம்தானா? என் மருமகளோ பிராய்லரைப் பார்த்தாலே 'வெளிநாட்டுக் கோழி' என்று முகம் சுளிக்கிறாள்.

பதில்: அம்மா, அது சாம்பல் காட்டுக்கோழியாகத்தான் இருக்கும். கழுத்து இறகில் மஞ்சள் மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டதுபோல் பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தியாவை விட்டால் இந்தக் கோழி வேறெங்கும் கிடையாது. ஆனால் வீட்டுக்கோழிக்கு நேர்ப் பாட்டன் இது இல்லை, செங்காட்டுக்கோழிதான். தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் வட்டாரத்தில் அதைப் பழக்கியதுதான் ஆரம்பம் என்கிறது, 863 பறவைகளின் மரபணுத் தொகுதியை அலசி 2020இல் வெளியான ஓர் ஆய்வு.

அப்புறம் உங்கள் விருந்தாளிக்கு என்ன உறவு என்கிறீர்களா? கறிக்கடையில் சில கோழிக்குக் காலும் தோலும் மஞ்சளாக இருக்கும், சிலதுக்கு வெளிறிக் கிடக்கும். மக்காச்சோளத்திலும் கீரையிலும் இருந்து வருகிற மஞ்சள் நிறமியைச் சிதைக்க ஒரு மரபணு உண்டு, அது தோலில் வேலை செய்யாத கோழிக்குத்தான் மஞ்சள் தங்கும். அந்த வேலை செய்யாத வடிவம் செங்காட்டுக்கோழி கொடுத்ததில்லை, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2008இல் காட்டினார்கள். என்றோ இப்படித் தோட்டத்துக்கு வந்துபோன ஒரு காட்டுச் சேவலின் வேலை, இன்று அமெரிக்கப் பண்ணைக் கோழியின் தோலில் தெரிகிறது.

மருமகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பிராய்லருக்கு ஒரு வழிப் பாட்டன் இங்கிலாந்தின் கார்னிஷ் கோழி. 19ஆம் நூற்றாண்டில் அதை உருவாக்கும்போது நம் அசிலைக் கலந்தார்கள், கார்னிஷுக்கு 'இந்தியன் கேம்', அதாவது இந்தியச் சண்டைக்கோழி என்றே பெயர் வைத்திருந்தார்கள். சித்தூர்ப் பக்கம் சண்டைக்கு வளர்க்கிறார்களே அந்த அசில், நம் நாட்டுக்கோழியில் பெரிய வகையான பெருவிடையும் கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். பிராய்லரின் அகன்ற நெஞ்சு அந்த வழியில் வந்தது. ருசி பிடிக்கவில்லை என்றால் அது நியாயம், நாற்பது நாள் குஞ்சும் ஆறு மாதம் மேய்ந்த சேவலும் ஒன்றாகிவிடாது. அந்நியன் என்பதுதான் சரியில்லை.

காட்டுச் சேவலைப் பிடித்து அடைத்துவிடாதீர்கள், 1972ஆம் வருடத்து வனவிலங்குச் சட்டத்தில் வம்பாகிவிடும்.

கேள்வி (செங்கோட்டை வாசகர்): பழுப்பு முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: நிறத்தை வைத்து நம்பாதீர்கள் சார். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. இத்தாலிய வழி வந்த வெள்ளை லெகார்ன் வெள்ளை முட்டை இடும், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் ரெட் வழி வந்த கலப்பினங்களைக் கூண்டிலேயே அடைத்து வைத்தாலும் பழுப்புதான் இடும். தென் அமெரிக்காவில் சிலி நாட்டு அரௌகானாவுக்கு நீல முட்டை, உடைத்தால் ஓட்டின் உட்புறமும் நீலம். பழுப்பு முட்டையை உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருக்கும், நிறம் மேல்பூச்சுதான். நம் நாட்டுக்கோழியில் சிறிய வகையான சிறுவிடையின் முட்டை சின்னது, சுமார் 40 கிராம், வெளிர் சந்தன நிறம், ஒன்று போல் ஒன்று இருக்காது. தட்டு முழுக்க ஒரே அளவில் ஒரே அடர் பழுப்பில் அடுக்கியிருந்தால் அது பண்ணை முட்டை, பேரம் பேசுங்கள். சத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மஞ்சள் கரு அழுத்தமாக இருப்பது தீவனத்தால்.

கேள்வி (கோபாலபுரம் வாசகர்): பாலக்காட்டிலிருந்து வாங்கி வந்த குஞ்சுகளுக்குக் கழுத்தில் இறகே முளைக்கவில்லை. சொறி என்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

பதில்: தோல் சுத்தமாக, புண் இல்லாமல் இருந்தால் சொறி இல்லை, இனமே அப்படி. ருமேனியாவின் திரான்சில்வேனியாவில் இந்தக் கோழி பேர்போனது, கேரளத்திலும் திருவனந்தபுரம் பக்கம் உண்டு. காரணம் ஒரே ஒரு மரபணு: தாய், தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால் கழுத்து மொட்டை, ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு நிற்கும். இறகு குறைவதால் உடல் சூடு சீக்கிரம் வெளியேறும், சித்திரை வெயிலை மற்ற கோழிகளைவிட நன்றாகத் தாங்கும். மார்கழியில்தான் கஷ்டம், குஞ்சுப் பெட்டியில் பல்பு ஒன்று கூடுதலாகப் போடுங்கள்.