நோய்நிலைக்கு மதிப்பெண்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூட்டுவலி ஆய்வுக் கட்டுரை ஒன்றில், நோயாளியின் உடல்நிலை மதிப்பு 0.7 என்று இருந்தது. இதை எப்படி அளக்கிறார்கள்?

பதில்: நோயாளி நிரப்புவது ஈக்யூ-5டி போன்ற ஒரு வினாத்தாள் மட்டுமே. நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கலக்கம் என்று ஐந்து கேள்விகள். அந்தப் பதில்களுக்குரிய எண், முன்பே பொதுமக்களிடம் கேட்டுத் தயாரித்த அட்டவணையிலிருந்து வருகிறது. பொதுமக்களிடம் ஓர் உடல்நிலையை விவரித்து, "இப்படியே 10 ஆண்டு வாழ்வீர்களா, முழு நலத்தோடு அதைவிடக் குறைவாக வாழ்வீர்களா?" என்று கேட்பார்கள். முழு நல ஆண்டுகளைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே போனால், "இரண்டும் எனக்கு ஒன்றுதான்" என்று பதில் தருபவர் சொல்லும் இடம் வரும். அது 7 ஆண்டு என்றால் மதிப்பு 0.7. முழு நலத்துக்கு 1, மரணத்துக்கு 0.

கேள்வி: ஐந்து கேள்விக்கும், சிரமமே இல்லை என்பதில் தொடங்கி மிகக் கடுமை வரை, பதிலில் ஐந்தைந்து நிலை என்றால் 3,125 உடல்நிலைகள் ஆகின்றனவே! அத்தனையையும் கேட்கிறார்களா?

பதில்: இல்லை. தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும், ஒருவருக்குப் பத்து வீதம் கேட்பது வழக்கம். மற்றவற்றை, கிடைத்த பதில்களின் போக்கிலிருந்து மதிப்பிடும் தொடர்புப் போக்கு (regression) மாதிரி கணித்துத் தருகிறது.

கேள்வி: பொதுமக்களிடம் இப்படி மதிப்புக் கேட்ட என் ஆய்வுத் தரவில் -1 என்ற மதிப்பு நிறைய வந்திருக்கிறது. மரணத்தைவிடக் குறைந்த மதிப்பு அபத்தம், நீக்கிவிடு என்கிறார்கள். நீக்கலாமா?

பதில்: தயவுசெய்து நீக்காதீர்கள். படுக்கையிலேயே கிடந்து, தாங்க முடியாத வலியோடு வாழ்வதைவிட இறப்பதே மேல் என்று ஒருவர் சொன்னால், அது அபத்தமல்ல, அவருடைய தீர்ப்பு. அப்படிப்பட்டவருக்கு, 10 ஆண்டு முழு நலமும் அதன்பின் 10 ஆண்டு நோய்நிலையும் கொண்ட ஒரு வாழ்க்கையைக் காட்டுகிறோம். அதற்குப் பதிலாக 5 ஆண்டு முழு நலமே போதும் என்றால் மதிப்பு -0.5. ஒரு நாள்கூட வேண்டாம் என்றால் -1. அதற்குக் கீழே இறங்க முறையில் இடமில்லை. ஆகவே அவருடைய உண்மை மதிப்பு இன்னும் கீழே இருக்கலாம். உங்கள் -1, "-1 அல்லது அதற்கும் கீழே" என்று படிக்க வேண்டிய எண். ஓர் எல்லையில் வெட்டுப்பட்ட எண்களைக் கையாளும் டோபிட் (Tobit) என்ற புள்ளியியல் மாதிரி இதற்காகவே இருக்கிறது. அந்தப் பதில்களை நீக்கினால் கடும் நோய்நிலைகளின் சராசரி மேலே ஏறிவிடும். மிக அதிகம் துன்பப்படுபவர்களின் துன்பம் கணக்கில் சிறுத்துப்போகும்.

வேறு சிலவற்றையும் பாருங்கள். லேசான நிலைக்கும் ஒருவர் -1 கொடுத்திருந்தால், கேள்வி அவருக்குப் புரியாமல் போயிருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே களப்பணியாளரிடம் பேசியவர்கள் என்றால், கோளாறு நேர்காணலில் இருக்கிறது. கடும் நிலைகளில் பதில்கள் அதிகமாகச் சிதறும் என்பதையும், ஒருவரே தந்த பத்துப் பதில்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதையும் மாதிரியில் சேருங்கள். வழக்கமான கணிப்பு முறையான சாதாரண மீச்சிறு வர்க்க முறை (ordinary least squares) இந்த இரண்டையும் கண்டுகொள்ளாது.

கேள்வி: அனுபவிக்கிறவரை விட்டுவிட்டு ஆரோக்கியமானவரிடம் மதிப்புக் கேட்பது நியாயமா?

பதில்: பல ஆண்டுகளாக வாதிடப்படும் கேள்வி இது. பொதுப் பணத்தைப் பங்கிடும் முடிவில் பொதுமக்களின் விருப்பம்தான் பேச வேண்டும் என்பது ஒரு பக்கம். நோயோடு வாழப் பழகியவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலைக்குக் கூடுதல் மதிப்பே தருகிறார்கள். அதைப் புறக்கணிப்பது தவறு என்பது மறுபக்கம். நோயாளி தன் உடல்நலத்துக்குத் தானே 0 முதல் 100 வரை மதிப்பெண் இடும் அளவுகோலும் அதே வினாத்தாளில் இருக்கிறது. அதையும் சேர்த்து வெளியிடாத கட்டுரையை நான் முழுமையானதாகக் கருதுவதில்லை.

கேள்வி: மதுரை நோயாளிகளுக்குப் பிரிட்டன் அட்டவணையைப் பயன்படுத்தலாமா?

பதில்: இனி அதற்குத் தேவையில்லை. ஐந்து நிலை வினாத்தாளுக்கான இந்திய அட்டவணை 2022-இல் வெளியாகிவிட்டது. 1993-இல் பிரிட்டன் மக்களிடம் எடுத்த கணக்கெடுப்பு மூன்று நிலை வினாத்தாளுக்கானது. அதில் மிக மோசமான நிலையின் மதிப்பு -0.594. வினாத்தாளும் வேறு, மக்களும் வேறு. எந்த அட்டவணையைக் கையாண்டீர்கள் என்பதைக் கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.