வட்டி இல்லாத தீவனக் கடனுக்கு நீங்கள் கட்டும் வட்டி

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் ஒரு ஏக்கர் சொந்தக் குளத்தில் மூன்று வருடமாகக் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். தீவனம் மனைவியின் பெரியப்பா கடையில் கடனுக்கு வாங்குகிறேன், அவர் வட்டி வாங்குவதில்லை. வருடம் இரண்டு டன் மீன் பிடித்தும் கையில் 60 ஆயிரம்கூட நிற்கவில்லை. நகையை வைத்து 4 லட்சம் வாங்கி, 40 சதவீத மானியத்தோடு, குறைந்த தண்ணீரில் நெருக்கமாக மீன் வளர்க்கும் பயோஃபிளாக் தொட்டி போடலாமா?

பதில்: தொட்டியைப் பிறகு பார்ப்போம். கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, கடனுக்கு வாங்கினால் தீவனம் கிலோ 47, ரொக்கத்துக்கு 42 என்றும், மீனைப் பெரியப்பாவுக்கே கிலோ 115க்குக் கொடுக்கிறேன், வெளி வியாபாரி 130 கேட்கிறார் என்றும், எனக்கு அதற்கு மேல் படிக்கவே ஓடவில்லை.

இரண்டரை டன் தீவனத்துக்குக் கிலோவுக்கு 5 ரூபாய் அதிகம் என்றால் 12,500. இரண்டு டன் மீனில் கிலோவுக்கு 15 குறைவு என்றால் 30,000. ஆக 42,500. அவர் உங்களுக்குக் கொடுத்திருப்பது ரொக்க விலையில் 1,05,000 ரூபாய்ச் சரக்கு, அதுவும் பத்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. சராசரியாகப் பார்த்தால் அவர் பணம் ஐம்பது, அறுபதாயிரம்தான் உங்களிடம் நிற்கிறது. அதற்கு 42,500! மீட்டர் வட்டிக்காரர்கூட இதைக் கேட்கக் கொஞ்சம் யோசிப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. மூட்டை கேட்டபோதெல்லாம் வருவதால் அளந்து போடும் பழக்கமே இல்லாமல் போகிறது. தின்னாத தீவனம் அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்கிறது, மேகமூட்டம் வந்தால் பாசியும் ஆக்சிஜன் தராது. ஐப்பசியில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்து 500 செத்தது என்கிறீர்கள். அதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், மீன்வளத் துறை ஆய்வாளரை அழைத்துக் காட்டுங்கள்.

கிசான் கடன் அட்டை 2018-19 முதல் மீன் வளர்ப்புக்கும் உண்டு. 2 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும், அடமானமும் வேண்டாம். ஒரு லட்சம் முழுசாக ஒரு வருடம் நின்றாலும் வட்டி 7,000. பட்டாவையும் மீன்வளத் துறைப் பதிவையும் எடுத்துக்கொண்டு இந்த மாதமே வங்கிக்குப் போங்கள், இழுத்தடித்தால் மறுபடி மறுபடி போங்கள். அதுவரை தாங்காது என்றால் தீவனத்துக்கு மட்டும், ஒரு லட்சத்துக்குள், வங்கியில் நகைக்கடன் வாங்கலாம்.

பயோஃபிளாக் இப்போது வேண்டாம். அடர்த்தியாக மீன் விடும் தொட்டியில் இரவு பகலாகக் காற்று ஓட வேண்டும், கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்பத் தாமதமானால் மொத்தத் தொட்டியும் போய்விடும். மானியம் பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் வரும், நகை வட்டி அன்றே ஓட ஆரம்பிக்கும். தீவனத்தை அளந்து போடாதவர் அதில் இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

பெரியப்பா மனம் நோகுமே என்கிறீர்கள். நோகாமல் செய்யலாம். தைப் பிடிப்பில் இந்த வருடப் பாக்கியை முழுசாகத் தீர்த்துவிடுங்கள், சொன்ன சொல்லுக்காக மீனையும் அந்த விலைக்கே கொடுங்கள். அடுத்த குஞ்சு விடும் முன், "இனி ரொக்கத்துக்கே வாங்குகிறேன், 42க்குப் போடுங்கள்" என்று மனைவியையும் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கடை அவருடையதாகவே இருக்கட்டும், மீன் மட்டும் குளத்தங்கரையில் யார் அதிகம் கேட்கிறார்களோ அவர்களுக்குப் போகட்டும்.