மச்சான் குளத்தில் ஒரு கிலோ, மாடியில் ஒரு சாண்

கேள்வி: போன வருஷம் ஆடியில் பவானிசாகரில் கட்லா மீன் குஞ்சு வாங்கினோம். பெரும்பகுதியை என் மச்சான் சத்தியமங்கலம் பக்கம் தன் குளத்தில் விட்டார். 30 குஞ்சை நான் இங்கே மொட்டைமாடியில், ஆறடிக்கு நாலடி சிமென்ட் தொட்டியில் விட்டேன். அவருடையது கிலோவை நெருங்குகிறது. என்னிடம் பிழைத்திருக்கும் இருபதும் ஒரு சாணைத் தாண்டவில்லை. மூன்று வேளையும் தவிடு, கடலைப் புண்ணாக்கு போடுகிறேன். வாரம் தவறாமல் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, காவிரித் தண்ணீர் நிரப்புகிறேன். எதில் குறை வைத்தேன்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: குறை வைக்கவில்லை ஐயா, எல்லாமே கூடிப்போய்விட்டது. குளத்தில் ஏக்கருக்கு நாலாயிரம் குஞ்சு விடுவது வழக்கம். மீனுக்குப் பத்து சதுர அடிக்குமேல் கிடைக்கும். உங்கள் தொட்டி மொத்தமே 24 சதுர அடி. இரண்டு மீனுக்குத்தான் இடம்!

அப்புறம், அந்தக் கழுவல். கட்லாவுக்கு உண்மையான சாப்பாடு புண்ணாக்கு அல்ல, தண்ணீரில் மிதக்கும் பொடிப் பூச்சிகள். மச்சான் குளம் பச்சையாகக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாணி கரைத்துவிட்டு அந்தப் பச்சையை வரவழைப்பார்கள். பூச்சிக்கு அதுதான் தீனி. நீங்களோ வாரா வாரம் அதைத் தேய்த்துக் கொட்டுகிறீர்கள். போதாததற்கு, குழாய்த் தண்ணீரின் குளோரின் செவுளைப் புண்ணாக்கும். ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். அதுவும் கால் தொட்டி மாற்றினால் போதும்.

மீனுக்குச் சொந்த உடம்புச் சூடு கிடையாது. கட்லா 25 முதல் 30 டிகிரியில் நன்றாகத் தின்னும். மார்கழியில் நம் ஊர் ராத்திரி 15 டிகிரிக்கு இறங்கும்போது மாடித் தொட்டி சில்லிட்டுவிடும். அப்போது போடும் தீனி அடியில் அழுகி, ஆக்சிஜனைக் குடித்து, அம்மோனியாவைக் கிளப்பும். பண்ணை வேலையில் சேர்ந்த புதிதில் நானும் வெயிலே இல்லாத மப்பும் மந்தாரமுமான நாளில் வழக்கம்போல் தீனியைக் கொட்டியவன்தான். மறுநாள் விடியலில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ராத்திரி பூராவும் பாசியும் மூச்சுவிடுவதால் விடியலில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். 2016 மார்ச்சில் உங்கள் அல்சூர் ஏரியில் மீன்கள் செத்து மிதந்தது நினைவிருக்கும்.

மொத்த மீன் எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு தீனி ஒரு நாளைக்குப் போதும். குளிர் காலத்தில் அதிலும் பாதி.

சரி, இந்தச் சாண் மீன்கள் வீணா? இல்லவே இல்லை. ஆந்திராவில் நெருக்கி வைத்து, அரைப்பட்டினியில் வளர்த்த ஒரு வருஷக் குஞ்சைத்தான் தேடி வாங்கிக் குளத்தில் விடுகிறார்கள். இடமும் தீனியும் கிடைத்ததும் விறுவிறுவென்று எடை ஏறும். எனவே இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை மச்சானிடமே கொண்டுபோய் விடுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் தீனி மட்டும் போடாதீர்கள். போட்டால் பைக்குள்ளேயே கழிந்து, திம்பம் மலை இறங்குவதற்குள் தண்ணீர் நாறிவிடும்.