லென்ஸ் போட்டுக்கொண்டு நீந்தலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது. வலது கண்ணுக்கு மைனஸ் 4.25, கூடவே சிலிண்டர் மைனஸ் 0.75, இடது கண்ணுக்கு மைனஸ் 3.50. மாதாந்திர கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். இப்போதுதான் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். எந்த காகிள்ஸ் வாங்கினாலும் மூக்கோரம் தண்ணீர் இறங்குகிறது. பட்டையை இறுக்கினால் கண்ணைச் சுற்றி வளையம் விழுகிறது; ஆபீஸில் ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். லென்ஸோடு போடத் தோதான காகிள்ஸ் எது?
- வாசகி, சென்னை

பதில்: வளையம் விழுவதற்கும் தண்ணீர் இறங்குவதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம். பட்டையை அளவுக்கு மீறி இழுத்தால் சிலிகான் விளிம்பு நெளிந்து, அந்த நெளிவு வழியாகத்தான் தண்ணீர் வரும். பட்டையின் வேலை காகிள்ஸ் நழுவாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது விளிம்பு கண்குழியோடு ஒட்டுகிற ஒட்டு.

அதனால் கடையில் எடுத்தவுடன் தலையில் மாட்டாதீர்கள். பட்டையை முன்பக்கம் தொங்கவிட்டு, காகிள்ஸை மட்டும் இரண்டு கண்ணிலும் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி தானாக நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. உடனே விழுந்தால் பக்கத்து டப்பாவைத் திறக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அன்று கண்ணுக்கு மை வேண்டாம், சன்ஸ்கிரீன் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் எந்த விளிம்பும் ஒட்டாது. குளத்தில் இறங்கும்போதும் இதேதான். ஒரே ஒரு முடி விளிம்புக்கு அடியில் சிக்கினாலும் ஒழுகும்.

உங்களுக்கு மூக்கோரம் என்பதால் நடுப் பாலத்தைத்தான், அதாவது இரண்டு கண் கிண்ணங்களையும் மூக்கின் மேல் இணைக்கிற துண்டைத்தான், சந்தேகப்படுகிறேன். பாலம் நீளமாக இருந்தால் கிண்ணங்கள் இரண்டும் விலகி நின்று மூக்குப் பக்கம் இடைவெளி விழும். பாலத்தைக் கழற்றி மாட்டுகிற மாதிரி, இரண்டு மூன்று அளவுகளோடு வரும் காகிள்ஸ் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி, சின்னப் பாலத்தைப் போட்டுப் பாருங்கள். ஒரே வார்ப்பாக வருவதில் இந்த வசதி கிடையாது.

சரி, லென்ஸுக்கு வருவோம். நான் கண்ணாடிக் கடை வைத்துப் பவர் பார்க்கிறவள், விடிகாலையில் நீந்துகிறவளும்கூட. லென்ஸோடு குளத்தில் இறங்குங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எவ்வளவு நல்ல காகிள்ஸும் சுவரை உதைத்துக் கிளம்பும்போது ஒருநாள் நகரத்தான் செய்யும். குழாய்த் தண்ணீர், கிணறு, குளம், கடல் எல்லாவற்றிலும் அகாந்தமீபா என்றொரு நுண்ணுயிர் உண்டு. கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு கிடக்கும். குளத்தில் போடுகிற குளோரினுக்கு அசையாது. லென்ஸில் ஒட்டிக்கொண்டால் கருவிழியோடு மணிக்கணக்கில் உறவாட இடம் கிடைத்துவிடும். அதனால் கருவிழியில் புண் வந்தால் வலி தாங்காது, வெளிச்சம் பார்க்க முடியாது, மருந்து மாதக்கணக்கில் ஓடும், பார்வையே போகவும் கூடும். அபூர்வமான நோய்தான். ஆனால் தெரிந்தே வாசலைத் திறந்து வைப்பானேன்?

உங்களுக்குச் சரியானது பவர் காகிள்ஸ். பெரும்பாலும் அரை அரைப் பவராக ரெடிமேடில் கிடைக்கிறது. சில கம்பெனிகள் இடம், வலம் தனித்தனியாகவே விற்கிறார்கள். ரெடிமேடில் சிலிண்டர், அதாவது சிதறல் பார்வையைச் சரிசெய்கிற பவர், வராது. அதற்குப் பதில் சிலிண்டரில் பாதியை மெயின் பவரோடு சேர்த்துக்கொள்வோம். உங்கள் வலது கண்ணுக்கு 4.25-உடன் 0.375 சேர்த்தால் 4.625, மைனஸ் 4.50 எடுங்கள். இடது கண்ணுக்கு மைனஸ் 3.50 அப்படியே. கண்ணாடியில் படிப்பது போல் அத்தனை கூர்மை இருக்காது, ஆனால் மாஸ்டர் அந்தக் கரையிலிருந்து கையை ஆட்டினால் தெரியும். முன்பக்கம் தட்டையாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பவரை உள்பக்கம்தான் வைத்திருப்பார்கள். அதனால் தண்ணீருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே பவர் கிடைக்கும். தரை ஓடுகள் கொஞ்சம் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். அது தண்ணீரின் குணம், பவர் தப்பில்லை.

இதையும் மீறி என்றைக்காவது லென்ஸோடு இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், மாத லென்ஸ் கூடவே கூடாது. ஒருநாள் லென்ஸ் போட்டு, வந்ததும் தூக்கிப் போடுங்கள். கழற்றும்போது ஒரு கவனம்: குளத்துத் தண்ணீரில் கண்ணீரை விட உப்பு குறைவு. சாஃப்ட் லென்ஸ் அதில் பட்டால் கருவிழியில் இறுகப் பிடித்துக்கொள்ளும். பிய்த்து எடுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, லென்ஸுக்கான சொட்டு மருந்தை விட்டு, லென்ஸ் அசையத் தொடங்கியதும் எடுங்கள். மறுநாளும் கண் சிவந்து, கூசி, வலித்தால் மருந்துக் கடையில் சொட்டு வாங்கி விடாமல் நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். லென்ஸ் போடுகிறவள், குளத்தில் நீந்தினேன் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: புது காகிள்ஸ் கொஞ்ச நாளிலேயே உள்ளே ஆவி படிந்து மங்குகிறது. துடைத்துத் துடைத்து மாட்டுகிறேன். என்ன செய்யலாம்?
- வாசகர், மதுரை

பதில்: துடைப்பதுதான் வினை! ஆவி படியாமலிருக்க உள்ளே ஒரு பூச்சு இருக்கிறது. விரலும் துண்டும் பட்டால் போய்விடும். நல்ல தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் காயவையுங்கள். பைக் டேங்க் மேல் வெயிலில் போடாதீர்கள். மாட்டும் முன் முகத்தையும் காகிள்ஸையும் குளத்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஆவி குறையும். பூச்சு முழுக்கப் போயிருந்தால் இதற்கென்றே ஸ்பிரே விற்கிறது. வாங்கி அடித்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் புதிது வாங்குவதுதான் வழி.