பலிபீடம் இல்லாத கூடாரம்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ஓராண்டு ஆகவில்லை. வந்த புதிதில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனீர்கள். பிறகு ஷிப்ட் மாறியது, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வந்தது. போன நாள்களிலும் மொழி பிடிபடவில்லை. இப்போது வேதத்தைத் திறந்தே வாரக்கணக்கில் ஆகிவிட்டது. சந்தேகம் எதுவும் இல்லை, கெட்ட பழக்கம் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை, யாரோடும் மனத்தாங்கலும் இல்லை. ஆனாலும் உள்ளே வறண்டு கிடக்கிறது. "நான் விசுவாசத்தை விட்டுவிட்டேனா அண்ணா?" என்று கேட்கிறீர்கள்.

இல்லை. விட்டுவிட்டவன் இப்படி உட்கார்ந்து எழுத மாட்டான். ஆனால் இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

"இனி எனக்குக் கடவுள் வேண்டாம்" என்று ஒருநாள் அறிவித்துவிட்டுப் போனவர்களை நான் இங்கே பார்த்தது மிகக் குறைவு. விலகிப் போனவர்களில் பெரும்பாலோர் ஆபிராமின் சகோதரன் மகன் லோத்துவின் வழியில் போனவர்கள். ஆதியாகமத்தில் அந்த மனிதனைத் தொடர்ந்து பாருங்கள். 13ஆம் அதிகாரத்தில் கண்களை ஏறெடுத்து யோர்தானுக்கு அருகான சமபூமியைப் பார்க்கிறான். நீர்வளம் உள்ள இடம், மந்தைக்கு நல்லது. பிழைப்பு என்று பார்த்தால் சரியான தேர்வுதான். அதே அதிகாரத்தில், பொல்லாத ஊர் என்று பெயரெடுத்த சோதோமுக்கு நேரே கூடாரம் போடுகிறான். ஊருக்குள் போய்விடவில்லை, பக்கத்தில்தான். 14இல் பார்த்தால் சோதோமிலேயே குடியிருக்கிறான். 19இல் அந்த ஊர் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். ஊர்ப் பெரியவர்கள் கூடும் இடம் அது.

இத்தனையிலும் அவன் தேவனை மறுதலித்ததாக ஒரு வரி கிடையாது. பேதுருவின் இரண்டாம் நிருபம் அவனை நீதிமான் என்றே அழைக்கிறது. சுற்றிலும் நடந்ததைக் கண்டு நாள்தோறும் அவன் இருதயம் வாதிக்கப்பட்டதாகவும் சொல்கிறது. உறுத்தல் இருந்திருக்கிறது, உறுத்தலோடேயே இருந்துவிட்டான். கடைசியில் ஊர் அழியப் போகிறது, புறப்படுங்கள் என்று மருமக்களிடம் போய்ச் சொன்னால், அவர்கள் பரியாசம் என்று நினைத்தார்கள். அதற்கு முன் அவன் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை போலும் என்பது என் ஊகம்.

அதே பக்கங்களில் ஆபிராமும் (பின்னாளில் ஆபிரகாம்) ஊர் விட்டு ஊர் வந்தவன்தான். சீகேமில் ஒரு பலிபீடம், பெத்தேலுக்குக் கிழக்கே கூடாரம் போட்ட இடத்தில் ஒன்று, எபிரோனில் மம்ரேயின் சமபூமியில் ஒன்று என்று போன இடமெல்லாம் கட்டிக்கொண்டே போகிறான். பஞ்சம் பிழைக்க எகிப்துக்குப் போன காலத்தில் மட்டும் பலிபீடத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மனைவியைச் சகோதரி என்று சொல்லி மாட்டிக்கொண்டதும் அங்கேதான். அங்கிருந்து திரும்பியவன், பெத்தேலில் முன்பு தான் கட்டிய பலிபீடம் இருந்த இடத்துக்கே வந்து சேருகிறான். லோத்து தன் கையால் ஒன்றைக் கட்டியதாக எங்கும் இல்லை. ஆபிராமோடு சேர்ந்திருந்தவரை அவன் கட்டியதே இவனுக்கும் போதுமானதாக இருந்திருக்கும். பிரிந்து வந்த பிறகுதான் அந்த வெறுமை.

நம்மில் பலருடைய நிலையும் இதுவே. வீட்டில் இருந்தபோது ஞாயிறு காலை யாரோ எழுப்பினார்கள். இரவில் குடும்ப ஜெபத்துக்கு யாரோ கூப்பிட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தோம். ஒரு வாரம் வராவிட்டால் "உடம்பு சரியில்லையா?" என்று வழியில் நிறுத்திக் கேட்க ஆள் இருந்தது. அவ்வளவையும் நம்முடைய பக்தி என்று நினைத்திருந்தோம். அதில் பாதி மற்றவர்கள் நமக்காகச் சுமந்தது என்பது விமானம் ஏறிய பிறகுதான் தெரிகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சபை என்பதே அதற்காகத்தான். சுமந்தவர்கள் இல்லாத இடத்துக்கு வந்ததால் கால் தடுமாறுகிறது, அவ்வளவே.

இந்தத் தடுமாற்றம் முதலில் எங்கே தெரியும் என்று கேட்டால், போனில் என்பேன். ஞாயிறு அன்று அம்மா அழைக்கிறார். முகம் கழுவாத பிள்ளை கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறான். "ஆராதனைக்குப் போனாயா?" என்றால் "ம்" என்கிறான். "என்ன வசனம்?" என்றால் சிக்னல் சரியில்லை என்கிறான். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவரை இப்படி மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பாடுவார், வாலிபர் கூட்டங்களை நடத்தியவர். ஆராதனையைத் தவறவிட்டதைவிட அந்தப் பொய்தான் அவரை அதிகம் தள்ளிக்கொண்டு போனது. போகவில்லை என்ற குற்ற உணர்வு, அதனால் சபையாரைப் பார்க்கக் கூச்சம், கூச்சத்தால் அடுத்த வாரமும் போகாமை. அந்தச் சுழலை அறுக்க எளிய வழி, அடுத்த முறை அம்மா கேட்கும்போது உள்ளதைச் சொல்லிவிடுவது. நாலு நாள் வருத்தப்படுவார். ஆனால் அதன்பின் அவர் உங்களுக்காகச் செய்யும் ஜெபம் உண்மையான உங்களுக்காக இருக்கும்.

ஊர்ச் சபையின் ஆராதனையை இணையத்தில் பார்த்துக்கொள்கிறேன், அது போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு அது வரம். நடந்து திரிகிற வயதில் இருக்கும் உங்களுக்கு அது தூக்க மாத்திரை. கோபித்துக்கொள்ளாதீர்கள். படுத்துக்கொண்டே பார்ப்பீர்கள், அறிவிப்புகளைத் தள்ளிவிடுவீர்கள், பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவீர்கள். அங்கே அப்பம் பிட்கும்போது இங்கே நீங்கள் துணி மடித்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் பார்க்காவிட்டாலும் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுவதைப் பற்றி எபிரெயர் நிருபம் 10ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கும்போது, கூடவே ஒருவருக்கொருவர் புத்திசொல்வதைத்தான் பேசுகிறது. திரைக்குப் புத்திசொல்லத் தெரியாது.

ஆகவே, நீங்கள் வராவிட்டால் யாராவது கவனிக்கக்கூடிய ஒரு சபையைத் தேடுங்கள். தமிழ்ச் சபையா, உள்ளூர்ச் சபையா என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். தாய்மொழியில் பாடும்போது நெஞ்சு இளகும், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு ரயில் மாறிப் போக வேண்டிய தமிழ்ச் சபைக்கு மாதம் ஒருமுறை போவதைவிட, நடந்து போகிற தூரத்தில் உள்ள சபைக்கு வாரந்தோறும் போவது மேல். ஜெபப் புத்தகம் வைத்து ஆராதித்து வளர்ந்தவருக்குக் கைதட்டிப் பாடும் சபை முதலில் அந்நியமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்.

மொழிக்கு ஒரு வழி இருக்கிறது. பல சபைகள் மூன்றாண்டுச் சுழற்சியில் அமைந்த வாசக அட்டவணையைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் என்ன பகுதி என்பது முன்கூட்டியே தெரியும். சனிக்கிழமை இரவு அந்தப் பகுதிகளைத் தமிழில் படித்துவிட்டுப் போனால் பிரசங்கத்தில் பாதி தானாகப் பிடிபடும். மொழியும் வளரும்.

எச்சரிக்கை ஒன்று. தனியாக வந்திருக்கும் புதியவரைத் தேடிவந்து அன்பைக் கொட்டுகிறவர்கள் எல்லாரும் நல்ல மேய்ப்பர்கள் அல்லர். சம்பளம் எவ்வளவு என்று முதல் மாதமே கேட்பவர்கள், எங்கள் கூட்டத்துக்கு வெளியே இரட்சிப்பே இல்லை என்பவர்கள், வீட்டாரோடு பேசுவதைக் குறைத்துக்கொள் என்பவர்கள், இவர்களில் யாரைக் கண்டாலும் வாசலோடு திரும்பிவிடுங்கள். ஊரில் உள்ள உங்கள் போதகரிடம் ஓர் அறிமுகக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது. பழைய வழக்கம்தான் இது. ரோமர் 16ஆம் அதிகாரம் தொடங்குவதே, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எழுதும் சிபாரிசோடுதான்.

அந்த அதிகாரத்திலேயே ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியையும் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த புலம்பெயர்ந்தவர்கள் அவர்கள்தான். யூதர்கள் ரோமாபுரியை விட்டுப் போகவேண்டும் என்று கிலவுதியு பேரரசன் கட்டளையிட்டதால் கொரிந்துவுக்கு வந்தவர்கள். கூடாரம் பண்ணுகிற தொழில். பவுலுக்கும் அதே தொழில் என்பதால் அவர் அவர்கள் வீட்டில் தங்கி வேலை செய்தார். அங்கிருந்து எபேசு, பிறகு மறுபடியும் ரோம். ஒவ்வோர் ஊரிலும் தொழிலைப் புதிதாகத் தொடங்கியிருப்பார்கள், வாடிக்கையாளர்களைப் புதிதாகத் தேடியிருப்பார்கள். எபேசுவில் இருந்தபோதும் அவர்கள் வீட்டில் சபை கூடியது, ரோமில் இருந்தபோதும் கூடியது. நம்மைவிட நிம்மதியான வாழ்க்கை அவர்களுக்கு வாய்த்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அறையிலும் வேலை முடிந்து வரும் இரண்டு பேரோடு வாரம் ஒரு இரவு அரை மணி நேரம் ஜெபிக்கலாம். பிரசங்கம் வேண்டாம், வாத்தியம் வேண்டாம். ஒரு சங்கீதம், ஒருவருக்காக ஒருவர் ஒரு விண்ணப்பம், போதும்.

தனி ஜெபத்தில் வார்த்தையே வரவில்லை என்றீர்கள். வராவிட்டால் வரவழைக்க முயல வேண்டாம், இருக்கிற வார்த்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கீதம் 120 முதல் 134 வரை 15 ஆரோகண சங்கீதங்கள் இருக்கின்றன. எருசலேமுக்கு ஏறிப் போகிறவர்கள் பாடியவை என்பார்கள். எல்லாம் சிறியவை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்றை வாய்விட்டு வாசித்துவிடலாம். அவற்றில் முதலாவதான 120ஆம் சங்கீதமே, மேசேக்கிலும் கேதாரின் கூடாரங்களண்டையிலும் அந்நியனாக இருந்தது போதும் ஐயோ என்ற புலம்பல்தான். பயணத்தைத் துதியோடு தொடங்க வேண்டும் என்று அந்தப் பாடகனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்து வரும்போது எனக்கு அந்த "ஐயோ" எத்தனையோ முறை துணையாக இருந்திருக்கிறது.

பழைய உருக்கம் எப்போது திரும்பும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தில் பவுலின் கப்பல் புயலில் சிக்கியபோது, கப்பலின் பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரங்களைப் போட்டுவிட்டு, பொழுது எப்போது விடியுமோ என்று காத்திருந்தார்கள். நங்கூரம் போட்டதால் புயல் ஓயவில்லை, ஆட்டமும் நிற்கவில்லை. பாறையில் மோதவில்லை, அவ்வளவுதான். நீங்களும் இப்போதைக்கு அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, இத்தனை நாள் இடைவெளிக்குப் பிறகு திருவிருந்துக்குப் போகலாமா என்ற தயக்கம். பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஒருவன் தன்னைச் சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கவேண்டும் என்கிறார். சோதித்தறிவதும் புசிப்பதும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. உங்கள் சபை ஒழுங்கில் அதற்கு முன் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு உண்டென்றால் அதைச் செய்யுங்கள், இல்லையென்றால் அறிக்கை ஜெபத்தை மனதார ஏறெடுத்துவிட்டுப் போய் முழங்கால்படியிடுங்கள். போதகரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் கூச்சமும் குறையும்.

ஷிப்டைப் பொறுத்தவரை, ஞாயிறு காலையை விட்டுத் தந்தால் சனி இரவையும் விடுமுறை நாள்களையும் எடுத்துக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு மறந்துபோகும். மறுத்தால் மாலை ஆராதனை உள்ள சபைகளைப் பார்க்கலாம். அடுத்த மாத வேலை அட்டவணை வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உங்கள் பகுதியில் எங்கெங்கே மாலையில் கூடுகிறார்கள் என்று நான் விசாரித்து வைக்கிறேன்.