லெட்ச்வொர்த் பூங்காவில் இரண்டு நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் குடும்பத்துடன் நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் லெட்ச்வொர்த் மாநிலப் பூங்காவுக்குப் போய்வந்தோம். எங்கள் ராச்செஸ்டரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். மூன்று அருவிகளையும் பார்த்தோம், படம் எடுத்தோம், மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று மகன் கேட்டான். அமெரிக்காவுக்கு அவ்வளவு வரலாறு கிடையாது என்று சொன்னேன். நம் ஊரில் ஒரு குன்று ஏறினால் சமணப் படுக்கையோ கல்வெட்டோ கண்ணில் படும். இங்கே மரமும் தண்ணீரும்தான். அக்டோபரில் ஒரு வாரயிறுதி முழுக்க அங்கேயே தங்கி நடக்கலாம் என்கிறார் மனைவி. இரண்டு நாளுக்கு அங்கே என்ன இருக்கிறது?

ஆர்., ராச்செஸ்டர்

அன்புள்ள ஆர்.,

மகன் கேட்டது மிகச் சரியான கேள்வி. அவனுக்கு நீங்கள் சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. அங்கே கல்வெட்டு இல்லை என்பது உண்மை. ஏன் இல்லை என்பதுதான் அந்தப் பள்ளத்தாக்கின் வரலாறு.

பூங்காவின் ஊடே ஓடும் ஜெனசீ ஆற்றின் கரைகளில், அமெரிக்கப் பூர்வகுடிகளான செனகா மக்களின் ஊர்கள் இருந்தன. ஹோடனோஷோனி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், பிறர் இரோகுவா என்றழைத்த ஆறு இனக்குழுக்களின் கூட்டமைப்பில் மேற்கு வாசலைக் காத்தவர்கள் செனகாக்கள். மரத்தாலும் மரப்பட்டையாலும் வீடு கட்டினார்கள். உடன்படிக்கைகளைச் சிப்பி மணிகள் கோத்த வாம்பம் பட்டைகளில் பதிந்துவைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779-ல், ஜார்ஜ் வாஷிங்டனின் உத்தரவின்படி ஜெனரல் சல்லிவனின் படை இந்த நாட்டுக்குள் நுழைந்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களைக் கொளுத்தியது. அறுவடைக்கு நின்ற மக்காச்சோளத்தையும் விட்டுவைக்கவில்லை, பழமரங்களையும் வெட்டிச் சாய்த்தது. அந்தப் படை வந்து சேர்ந்த கடைசிப் பேரூர் இன்றைய பூங்காவின் வடக்கு வாசலுக்குச் சற்று அப்பால்தான் இருந்தது. மரத்தில் கட்டிய ஊர் எரிந்தால் நமக்குப் படிக்க என்ன மிஞ்சும்? அங்கே வரலாறு இல்லை என்று சொல்லும்போது, தெரியாமலேயே கொளுத்தியவர்களின் பக்கம் நின்று பேசுகிறோம். இதை நான் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த முறை அருவிகளில் தொடங்காதீர்கள். மவுண்ட் மாரிஸ் அருகே இருக்கும் வடக்கு வாசல் வழியாக உள்ளே வாருங்கள். பூங்காச் சாலையில் தெற்கே வந்தால், கார்டோ என்ற பெயருடைய காட்சிமேடை ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அங்கே காரைக்கூட நிறுத்துவதில்லை. கீழே பள்ளத்தாக்கு அகன்று, ஆறு வளைந்து, கரையோரம் சமநிலம் தெரியும். என் கணக்கில் இந்தப் பூங்காவின் நடுவிடம் அதுதான். அங்கே நின்று மகனுக்கு மேரி ஜெமிசனின் கதையைச் சொல்லுங்கள்.

1743-ல் அயர்லாந்திலிருந்து வந்த கப்பலில், நடுக்கடலில் பிறந்தவர் மேரி. பென்சில்வேனியாவில் குடியேறிய குடும்பம். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் போர் நடந்த காலத்தில், அவர் பதின்பருவத்தில் இருந்தபோது, ஷானி என்ற பூர்வகுடி வீரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வீட்டைத் தாக்கினார்கள். பெற்றோர் கொல்லப்பட்டார்கள். போரில் சகோதரனை இழந்த இரண்டு செனகாப் பெண்களிடம் மேரி ஒப்படைக்கப்பட்டார். அவர்கள் அவரை அடிமையாக வைத்துக்கொள்ளவில்லை. இறந்தவனின் இடத்தில் தங்கையாக ஏற்று, புதுப் பெயரிட்டு வளர்த்தார்கள். ஒஹாயோ பகுதியில் டெலவேர் இனக்குழுவைச் சேர்ந்த ஓர் இளைஞரை மணந்தார். பிறகு குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பல நூறு மைல் நடந்து ஜெனசீ கரைக்கு வந்தார். கணவர் வந்து சேரவில்லை, நோயுற்று இறந்துபோனார். இங்கே ஹியோகாட்டூ என்ற செனகா வீரரை மணந்து வாழ்ந்தார்.

சல்லிவனின் படை போன பிறகு ஊருக்குத் திரும்பியவர்களுக்கு, ஒரு குழந்தையை ஒரு நாள் காப்பாற்றும் அளவு உணவுகூட அங்கே இல்லை. மேரி பிள்ளைகளுடன் ஆற்றோரமாகத் தெற்கே நடந்து கார்டோவை அடைந்தார். அங்கே தப்பியோடி வந்த இரண்டு கறுப்பின அடிமைகள் சோளம் விளைவித்திருந்தார்கள். அவர்களிடம் கதிர் உரிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். கூலி சோளம்தான். மிகக் கடுமையாக இருந்த அந்தக் குளிர்காலத்தை அந்தக் கூலியில் பிள்ளைகளோடு கடந்தார். அவர் வேலை செய்யும்போது யாராவது தாக்கிவிடுவார்களோ என்று அந்த இருவரில் ஒருவர் துப்பாக்கியுடன் காவல் நின்றாராம். வீடிழந்த வெள்ளைப்பிறப்புச் செனகாப் பெண்ணும், எஜமானர்களிடமிருந்து ஓடிவந்த இரண்டு மனிதர்களும், ஒரு சோளக்காடும். அமெரிக்க வரலாற்றில் இதைவிடச் செறிவான காட்சி எனக்குத் தெரிந்து அதிகமில்லை. நடந்தது அந்தச் சமவெளியில்.

விடுதலைப் போருக்குப் பின் வெள்ளையர்களிடம் திரும்பிப் போக அவருக்கு வாய்ப்பு வந்தது. தன் பிள்ளைகளை உறவினர்கள் இழிவாக நடத்துவார்கள் என்று மறுத்துவிட்டார். 1797-ல் செனகாக்கள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை ஒரு லட்சம் டாலருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தபோது, கார்டோவைச் சுற்றி 17,927 ஏக்கர் மேரிக்கென்று ஒதுக்கப்பட்டது. அதுவும் படிப்படியாகக் கைமாறியது. 1831-ல் பஃபலோ நகரை ஒட்டி செனகாக்களுக்கென்று விடப்பட்டிருந்த பஃபலோ க்ரீக் ஒதுக்கிடத்துக்குப் போய், 1833-ல் அங்கேயே இறந்தார். இதெல்லாம் நமக்குத் தெரிவது, 1823-ல் ஜேம்ஸ் சீவர் என்பவர் அவர் சொல்லக் கேட்டு எழுதியதால். சீவரின் பேனா வழியாக வந்த குரல் அது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

கார்டோவைப் பார்த்த பிறகு அருவிகளுக்குப் போனால், நடு அருவிக்கு மேலே குன்றில் இருக்கும் கவுன்சில் மைதானம் உங்களுக்கு வேறுமாதிரித் தெரியும். மேரியின் கல்லறை அங்கே இருக்கிறது. குழந்தையைச் சுமந்து நடக்கும் பெண்ணாக அவருடைய வெண்கலச் சிலையும் இருக்கிறது. பஃபலோவில் கல்லறைக்கு ஆபத்து வந்தபோது, 1874-ல் எச்சங்களை இங்கே கொண்டுவரச் செய்தவர் வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த். சேணத்துக்கான இரும்புச் சாமான்கள் செய்து பொருளீட்டிய பஃபலோ வணிகர். க்வேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தவர். 1859-ல் இங்கே இடம் வாங்கியபோது மரம் அறுப்பவர்கள் கரைகளை மொட்டையடித்திருந்தார்கள். மரம் நட்டார். ஆற்றின் மேற்பகுதியிலுள்ள கனீடியா என்ற ஊரில் அழிந்துகொண்டிருந்த செனகாக்களின் மன்றவீட்டை வாங்கிப் பெயர்த்து இங்கே நிறுத்தினார். 1872 அக்டோபர் 1 அன்று அதற்குள் கடைசி மன்றம் கூடியது. ஒருவரையொருவர் பகைத்து நின்றவர்களின் பேரன்கள், அதே கூட்டமைப்பைச் சேர்ந்த மோஹாக் இனக்குழுவின் தலைவர் பிராண்ட்டின் பேரனும் செனகாப் பேச்சாளர் ரெட் ஜாக்கெட்டின் பேரனும், அங்கே கைகுலுக்கினார்கள். முன்னாள் ஜனாதிபதி ஃபில்மோர் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெட்ச்வொர்த்தை நான் மதிக்கிறேன். ஆற்றில் அணை கட்ட ஒரு நிறுவனம் முனைந்தபோது, தன் 1,000 ஏக்கரையும் அரசுக்குக் கொடுத்து அருவிகளைக் காப்பாற்றியவர் அவர். 1907-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று பூங்கா 14,000 ஏக்கருக்கும் மேல். ஆனாலும் அந்த மன்றவீட்டுக்குள் நிற்கும்போது ஒரு கேள்வி வருகிறது. வீட்டைக் காப்பாற்றினார்கள், அதில் கூடிப் பேசியவர்களுக்கு நிலத்தை யாரும் திருப்பித் தரவில்லை. இரண்டையும் சேர்த்தே மகனிடம் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

நடைக்கு, மேற்குக் கரையோரம் ஏழு மைல் நீளும் முதல் எண் பாதை போதும். சிறுவனோடு ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழ் அருவிக்கு இறங்கும்போது கல் படிகளையும் சிறு கல் பாலத்தையும் கவனியுங்கள். 1930-களின் பெருமந்தத்தில் வேலையற்ற இளைஞர்களைச் சேர்த்து ரூஸ்வெல்ட் அரசு நடத்திய படையினரின் கைவேலை அது. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 நேராக வீட்டுக்குப் போய்விடும். எதிரே பாறைச் சுவரில் அடுக்கடுக்காகத் தெரியும் ஷேல் என்ற களிமண் படிவுப் பாறை, சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தது. பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மண்மேடு பழைய வழியை அடைத்ததால், ஆறு இந்த ஷேலை அறுத்துப் புதுவழி கண்டது. மேல் அருவிக்கு மேலே போகும் ரயில் பாலம் 2017-ல் கட்டியது. அதை ஒட்டி முதலில் நின்ற மாபெரும் மரப்பாலம் 1875-ல் எரிந்துபோனது.

ஞாயிறு மாலை வடக்கு வாசல் வழியே திரும்பினால் மவுண்ட் மாரிஸ் அணையைப் பார்க்கலாம். 1952-ல் முடிந்தது. சாதாரண நாட்களில் பின்னால் பெரிய ஏரி இருக்காது, வெள்ளத்தைத் தடுப்பதற்கென்றே கட்டிய அணை. 1972-ல் ஆக்னஸ் புயலின்போது நீங்கள் குடியிருக்கும் ராச்செஸ்டரைக் காத்தது அதுதான்.

செனகா மக்கள் முடிந்துபோன கதை அல்ல. காட்டராகஸ், அலிகனி, டோனவாண்டா ஆகிய இடங்களில் இன்றும் வாழ்கிறார்கள். உங்கள் ஊரை ஒட்டி விக்டரில் கனோண்டகன் என்ற வரலாற்றுத் தலம் இருக்கிறது. 1687-ல் பிரெஞ்சுப் படையால் அழிந்த செனகாப் பேரூர். இப்போது அங்கே மரப்பட்டை நெடுவீடு ஒன்றை மறுபடி கட்டியிருக்கிறார்கள், 2015-ல் ஒரு பண்பாட்டு மையமும் திறந்தார்கள். லெட்ச்வொர்த்துக்குப் போவதற்கு முந்தைய வாரம் அங்கே போய்வாருங்கள்.

அக்டோபரில் இலைகள் நிறம் மாறும் வாரங்களில் கூட்டம் அதிகம். பூங்காவுக்குள் தங்கும் குடில்களுக்கு இப்போதே பதிவு செய்துவிடுங்கள். ஷேல் விளிம்புகள் உதிரும் தன்மை கொண்டவை, தடுப்புச் சுவரைத் தாண்டி யாரும் போக வேண்டாம்.