கோத்தகிரி ஏறியது இருக்கட்டும், இறங்கியதைச் சொல்கிறேன்

கேள்வி: ரோடு பைக் (மெல்லிய டயர் சைக்கிள்) ஓட்டும் நண்பர்களே, நீங்கள் சமீபத்தில் போன ரைடு எப்படி இருந்தது? முதல்முறை மலை ஏற நினைப்பவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

நான் கோவையில் இருப்பவன். பந்தயக்காரன் இல்லை. நாற்பதைத் தாண்டிவிட்டேன், வாரம் முழுக்க அலுவலக நாற்காலி, ஞாயிறு வந்தால் சைக்கிள். போன மாதம் நண்பர்கள் சிலரோடு மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரி போய் வந்தேன். போக வர நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் வரும்.

மலை ரைடு பற்றி யார் பேசினாலும் ஏற்றத்தைத்தான் பேசுவார்கள். எத்தனை கொண்டை ஊசி வளைவு, எத்தனை மணி நேரம், எங்கே தொடை பிடித்துக்கொண்டது என்று. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஏற்றத்தில் தப்பு செய்தால் மூச்சு வாங்கும், இறங்கி நின்று தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஏறலாம். இறக்கத்தில் தப்பு செய்தால் அந்த வசதி இல்லை. ஆனால் ஏற்றத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறவர்கள், இறக்கத்துக்கு ஒரு நாள்கூட எடுப்பதில்லை. அதனால் என் பதிலில் பாதிக்கு மேல் இறக்கம்தான். போகிற வழியை மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

விடிவதற்கு முன்பே கிளம்பி துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று நேர் சாலை. சமதரையில் எதிரி காற்றுதான். அதனால் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிப் போவோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்தால் பின்னால் வருகிறவருக்குக் கால் பங்கு உழைப்பாவது மிச்சமாகும். எங்கள் குழுவில் வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், ஆள் தொண்ணூறு கிலோ. அவர் முன்னால் போனால் பின்னால் இருப்பவர்கள் கதை பேசிக்கொண்டே வரலாம். மலை தொடங்கியதும் நிலைமை தலைகீழ். மணிக்கு ஒன்பது, பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை, எடை மட்டும்தான் கணக்கு. அதுவரை எல்லோரையும் இழுத்து வந்த அண்ணன் பின்தங்கிவிட, கல்லூரியில் படிக்கும் ஒல்லித் தம்பி ஒருவன் காணாமலே போய்விட்டான். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. மலையில் எல்லோரும் தனித்தனிதான் என்று முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

காரமடை தாண்டி ஒரு பஞ்சர். லாரி டயர் வெடித்தால் அதன் உள்ளே இருக்கும் முடி போன்ற மெல்லிய கம்பி சாலை ஓரமெல்லாம் சிதறிக் கிடக்கும். நமது நெடுஞ்சாலைகளில் ரோடு பைக் டயருக்கு ஆணியைவிட அதுதான் எமன். டியூப் மாற்றும்போது டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி அந்தக் கம்பியை எடுக்காவிட்டால் புது டியூபும் சில நிமிடத்தில் போய்விடும். இன்னொன்று, நம் வண்டிகளில் காற்றடிக்கும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் பிரெஸ்டா என்ற ஒல்லியான வால்வு. வழியில் இருக்கும் பஞ்சர் கடைப் பம்பு அதற்குச் சேராது. சின்னதாக ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், அதை எப்போதும் பையில் போட்டு வையுங்கள்.

மேட்டுப்பாளையத்தில் இட்லி. இங்கே கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், கோத்தகிரி ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கம். ஆக ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால் அவ்வளவு எடையை அந்த உயரத்துக்குத் தூக்க சுமார் 1200 கிலோஜூல் வேலை. நம் உடம்பு சாப்பாட்டில் கால் பங்கைக்கூட முழுதாக மிதியில் சேர்க்காது, மீதி வெப்பமாகப் போய்விடும். ஒரு உணவுக் கலோரி என்பது நாலு கிலோஜூல் சொச்சம். அப்படிப் பார்த்தால் தூக்கும் வேலைக்கு மட்டும் 1200 கலோரிக்கு மேல் ஆகிறது, இட்லிக் கணக்கில் இருபதைத் தாண்டும். யாராலும் ஒரே மூச்சில் அவ்வளவு சாப்பிட முடியாது. அதனால் வழி நெடுக கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம் என்று பசிக்கும் முன்பே வாயில் போட்டுக்கொண்டே போக வேண்டும். பசி வந்த பிறகு சாப்பிட்டால் அது வேலை செய்வதற்குள் கால் ஓய்ந்துவிடும்.

பவானிப் பாலம் தாண்டியதும் குன்னூருக்கு ஒரு பாதை, கோத்தகிரிக்கு ஒரு பாதை. முதல்முறை போகிறவர்களுக்கு நான் எப்போதும் கோத்தகிரியைத்தான் சொல்வேன். குன்னூர் பாதையில் கொண்டை ஊசிகளும் அதிகம், சுற்றுலா வண்டிகளும் அதிகம். கோத்தகிரிப் பாதை முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர், சராசரி ஏற்றம் நாலரை சதவீதம் போல. அந்தப் பக்கம் ஊட்டி ரயில் 1:12.5 சரிவில், அதாவது எட்டு சதவீதத்தில், தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்வரிசையைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. அதோடு பார்த்தால் நம் பாதை சாதுதான். கியர் பல்சக்கரத்தில் முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் நிமிடத்துக்கு எழுபது சுற்று மிதித்தாலே மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நிதானமாக ஏறிவிடலாம். பின்னால் 25, 28 பல் என்று கனமான கியரோடு போய் வீரம் காட்டுவது முழங்காலுக்குச் செய்யும் துரோகம்.

நேரம் பார்த்துப் போங்கள். மே மாத சீசனில் ஊட்டிக்குப் போகும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், திரும்பும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். அப்போது கோத்தகிரிச் சாலையில் மேலிருந்து மொத்தக் கூட்டமும் இறங்கி வரும். அதற்கப்புறம் பலாப்பழக் காலம். குஞ்சப்பனை சுற்றுவட்டாரத்தில் பலா பழுத்தால் யானை வரும் என்பது அந்தப் பாதையில் போகிற எல்லோருக்கும் தெரியும். சோதனைச் சாவடியில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அக்டோபர், நவம்பரில் இந்தச் சரிவில் வடகிழக்குப் பருவமழை நன்றாகவே பெய்யும். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவை நீலகிரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. நாங்கள் போனது பனி விலகிய, வெயில் ஏறாத நாள், அதனால் தப்பித்தோம்.

கோத்தகிரியில் டீயும் வர்க்கியும். டீக்கடையில் ஒரு பெரியவர் என் வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இத்தன காசு குடுத்து வாங்கியிருக்கறீங்க, ஒரு ஸ்டாண்டு கூடப் போட்டுத் தரலீங்களா அவுங்க?" என்றார். மட்கார்டும் இல்லை, கேரியரும் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு என் மேல் உண்மையிலேயே பரிதாபம் வந்துவிட்டது. அவரிடம்தான் பழைய தினத்தந்தி கேட்டு வாங்கினேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி போலக் குறையும். கோத்தகிரியில் மேட்டுப்பாளையத்தைவிட ஒன்பது டிகிரியாவது குளிர். மேலே வரும்போது சட்டை முழுக்க வியர்வை. அப்படியே இறங்க ஆரம்பித்தால் எதிர்க்காற்றில் நெஞ்சு உறைந்து, விரல் மரத்துப்போய், பிரேக் பிடிக்கும் நேரத்தில் கை கேட்காது. செய்தித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டால் காற்று உள்ளே போகாது. ஐரோப்பிய மலைப் பந்தயங்களில் பல தலைமுறையாகச் செய்து வருவதுதான் இது. காற்றைத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை இருந்தால் இன்னும் நல்லது. எங்களில் பாதிப் பேர் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள், அதனால் தினத்தந்தியின் பக்கங்களைப் பிரித்துக்கொண்டோம்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். ஏறும்போது நாம் சேர்த்த 1200 கிலோஜூலும் எங்கேயும் போகவில்லை, வண்டியோடு மேலேயே இருக்கிறது. இறங்கி முடிப்பதற்குள் அத்தனையும் காற்றிலும் பிரேக்கிலும் கரைந்தாக வேண்டும். டயர் உரசலில் போவது கொஞ்சம்தான். பயந்து பயந்து, பிரேக் லீவரை விடாமல் பிடித்துக்கொண்டே மெதுவாக இறங்கினால் காற்று எடுத்துக்கொள்ளும் பங்கு குறைந்து பிரேக் தாங்கும் பங்கு கூடும். புதியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். மெதுவாகப் போவதுதானே பத்திரம் என்பார்கள். வேகம் குறைவாக இருப்பது சரி, பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடுவதுதான் சிக்கல். சக்கரத்தின் விளிம்பையே (ரிம்) கட்டை பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியில் அந்தச் சூடு ரிம்மிலிருந்து டியூபுக்குப் போய் டியூப் வெடித்த கதைகள் உண்டு. டிஸ்க் பிரேக் வண்டியில் பிரேக் பேடு பளபளத்துப்போய்ப் பிடிமானம் குறையும். நேர்ப்பகுதியில் லீவரை விட்டு ஓடவிடுங்கள், வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொல்லுங்கள், வளைவுக்குள் நுழையும்போது கை தளர்ந்திருக்கட்டும். வளைவுக்குள்ளே போய்ப் பிரேக் பிடித்தால்தான் டயர் வழுக்கும்.

எங்கள் குழுவில் இறக்கத்தில் கெட்டிக்காரர் ஒரு அக்கா. ஏறும்போது கடைசியாகத்தான் வருவார், இறங்கும்போது அவரைப் பிடிக்க முடியாது. அந்த ஒல்லித் தம்பி மேலே முதல் ஆளாக வந்துவிட்ட தெம்பில் இருந்தான். இறங்குவதற்கு முன் அவனிடம் அக்கா சொன்னது இது: "தம்பி, பள்ளத்தப் பாக்காத. நீ எங்க பாக்குறியோ வண்டி அங்கதான் போகும். வளைவு முடியற எடத்தப் பாரு." அவ்வளவுதான் சொன்னார். நான் படித்த எத்தனையோ கட்டுரைகளைவிட இது எனக்கு உபயோகமாக இருந்தது. கையை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வைக்க வேண்டும், அங்கிருந்துதான் பிரேக் முழு பலத்தில் பிடிக்கும். வெளிப்பக்க மிதி கீழே, உடம்பின் பாரம் அந்தக் காலில். உள்பக்க மிதி கீழே இருந்தால் சாய்க்கும்போது தரையில் இடிக்கும்.

இந்தத் தம்பி மாதிரிப் பையன்களிடம் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு சீட்டை விட்டு இறங்கி, அதற்கு முன்னால் இருக்கும் மேல்குழாயில் உட்கார்ந்து குனிந்துகொண்டு பறப்பார்கள். தொழில்முறைப் பந்தயங்களிலேயே அதை 2021 ஏப்ரலிலிருந்து தடை செய்துவிட்டது சர்வதேச சைக்கிள் சங்கம். 2023 ஜூனில் சுவிஸ் சுற்றுப் பந்தயத்தில் அல்புலா கணவாயிலிருந்து இறங்கும்போது சுவிஸ் வீரர் ஜினோ மேடர் சரிவில் விழுந்து மறுநாள் இறந்துபோனார். இருபத்தாறு வயது. போக்குவரத்தை நிறுத்திவைத்த சாலை, தொழிலே அதுவான ஆள். நமக்கு எதிரே அரசுப் பேருந்து வரும், நடுவில் குரங்கு உட்கார்ந்திருக்கும். ரைடைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் இறக்கத்துக்கு நேரம் பார்த்துப் பெருமைப்படுவதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை.

பேருந்து என்றதும் ஞாபகம் வருகிறது. கொண்டை ஊசியில் பேருந்து திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். மேலே ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலைச்சாலை விதி. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே இடப்பக்கம் ஒதுங்கி நின்றுவிடுவேன். நாம் இறங்கும் வேகத்துக்கு மணி அடித்தால் யாருக்கும் கேட்காது, அதனால் வளைவுகளில் வாய்விட்டுக் கத்துவதும் உண்டு. பார்ப்பவர்கள் என்ன நினைத்தாலும் சரி.

அரவேனு தாண்டி ஒரு நேர் இறக்கத்தில் வங்கி அண்ணனின் வண்டி முன்பக்கம் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. கனமான ஆள், நல்ல வேகம், குளிரில் விறைத்த தோள், எல்லாம் சேர்ந்தால் இப்படி நடக்கும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும், முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் ஆளே பறக்கலாம். இரண்டு முழங்காலையும் மேல்குழாயில் ஒட்டி அழுத்தி, கையைத் தளர்த்தி, பின் பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும். அண்ணனுக்கு அது தெரிந்திருந்தது. நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "ஒரு டீ சாப்பிடலாங்களா?" என்றார். பக்கத்தில் டீக்கடையே இல்லை.

குஞ்சப்பனைக்குக் கீழே பாக்குத் தோப்பு தெரிய ஆரம்பித்ததும் சூடு திரும்பிவிட்டது. தினத்தந்தியை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை வரை வெயிலும் நெரிசலும்தான், சொல்ல ஒன்றுமில்லை.

முதல்முறை மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நேராகக் கோத்தகிரிக்கோ வால்பாறைக்கோ போகாமல், பக்கத்தில் இருக்கும் சின்ன மலைச்சாலை ஒன்றில் இறங்கிப் பழகுங்கள். ஏறுவது தானாகப் பழகிவிடும். இரண்டு மூன்று வளைவு இருந்தால் போதும், அதே வளைவில் திரும்பத் திரும்ப இறங்கி எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்று பார்க்கலாம். போகும் முன் பிரேக் கட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், ரிம்மைத் துணியால் துடைத்துவிடுங்கள். தூறல் பட்ட ரிம்மில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிரேக் பிடிக்கவே பிடிக்காது, அதையும் ஒருமுறை மெதுவான வேகத்தில் அனுபவித்துப் பார்த்துவிடுங்கள். கோவைக்காரர்களுக்கு மருதமலைச் சாலை இருக்கிறது. செவ்வாய்க்கிழமையும் கிருத்திகையும் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள், பக்தர்கள் கூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும்.